பண் மீட்பும் கருவி மீட்பும்

இசைக்கருவியொன்று அழியாது நிற்பதற்கு அதன் உடல் மட்டும் போதுமா, அதனை இயக்கும் முறையும் உடன் நிற்றல் வேண்டுமா என்னும் வினா இன்று புதிதாகத் தோன்றியதன்று. தில்லையிலும் அதனைச் சூழ்ந்த கடலூர்ப் பகுதியிலும் பல நூற்றாண்டுகட்கு முன்னரே எழுந்த வினா அது. ஆங்கு அதற்குக் கிடைத்த விடையை ஆராய்ந்து, இக்கால மின்னணு இசைக்கருவிகளின் நிலையோடு ஒப்பிட்டுக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இன்றைய நிலையைக் காண்போம். சாம்ப்ளர் என்பது ஏதேனும் ஓர் ஒலியைப் பதிந்துகொண்டு, விசைப்பலகையின் வழியே அதனை வேண்டிய சுருதிகளில் ஒலிக்கச் செய்யும் கருவி. ஆசுத்திரேலியாவின் பேர்லைட் 1979-இலும், அமெரிக்காவின் என்சோனிக் நிறுவனத்து மிராஜ் 1984-இலும் வெளிவந்தன. மிராஜ் கருவி, மின்னோட்டம் நின்றவுடன் தான் கொண்ட ஒலிகளையும் தன்னை இயக்கும் மென்பொருளையும் ஒருங்கே இழந்துவிடும். மீண்டும் இயக்குங்கால் பிளாப்பி வட்டிலிருந்து இரண்டனையும் ஏற்றுதல் வேண்டும். வட்டுக் கெடின் கருவி ஊமையாகும். காந்தப் பூச்சோ காலத்தால் கெடுவது. புது வட்டும் இன்று அரிது. சோனி நிறுவனம் சப்பானில் அதன் விற்பனையை 2011-இல் நிறுத்திற்று.

இக்கருவிகளைப் போற்றுவோர் இருவழிகளில் முயல்கின்றனர். எஞ்சிய பழைய வட்டுகளின் உள்ளீட்டைப் படியெடுத்து, பிளாப்பி இயக்கிக்கு ஈடாகப் பொருத்தும் சிறு கருவியால் நினைவுக்கோலிலிருந்து ஏற்றுதல் ஒன்று. படி கிடையாதவிடத்துக் கருவியின் உள்ளமைப்பை ஆராய்ந்து இயக்க மென்பொருளைப் புதிதாக எழுதுதல் மற்றொன்று. முன்னதைப் படிவழி மீட்பு என்றும், பின்னதைக் கணிப்புவழி மீட்பு என்றும் ஈண்டு வழங்குவோம்.

இனித் தில்லையை நோக்குவோம். 14-ஆம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம், தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டப்பெற்றுக் கிடந்தமையைக் கூறுகின்றது. சோழ மன்னனும் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் அவ்வறையைத் திறப்பித்தபொழுது ஏடுகளைச் செல்லுப்புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தவற்றுள் ஒரு பகுதியே எஞ்சியது. அம்மன்னன் முதலாம் இராசராசன் (985–1014) என்பர்.

ஏடு கிடைத்தது, பண் கிடைத்திலது. சொல்லைக் காத்த ஓலை, அதனைப் பாடும் முறையைக் காக்கவில்லை. ஆகலின் இருவரும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த திருஎருக்கத்தம்புலியூரை நாடினர். விருத்தாசலத்தை அடுத்துள்ள இராசேந்திரப்பட்டினமே அவ்வூர். ஆங்கு அப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கண்டு, தில்லைக்கு அழைத்துவந்து, அவர்வழிப் பண்களை வகுப்பித்தனர் என்பது புராணச் செய்தி.

இச்செய்தியை அவ்வாறே வரலாறாகக் கொள்ளுதல் சாலுமா? புராணம், நிகழ்ச்சிக்கு மூன்று நூற்றாண்டுகள் பிற்பட்டது. திருவல்லத்துப் பல்லவர் கல்வெட்டு, 9-ஆம் நூற்றாண்டிலேயே கோயிலில் திருப்பதியம் பாடுவார் இருந்தமையைக் காட்டுகின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரை இராசராசன் அமர்த்தினான் என்பதும் கல்வெட்டால் புலனாகும். எனவே தேவார இசை நாடெங்கும் அறவே மறைந்து, பின்னர் ஒருநாளிற் கிடைத்தது என்றல் பொருந்தாது.

ஆயினும் புராணம் உணர்த்தும் உண்மை சிறிதன்று. பூட்டிக் காத்த அறையில் பொருள் செல்லரித்தது. நாவிலும் விரலிலும் வழங்கிய குடியில் முறை நின்றது. காப்பு என்பது பூட்டன்று, வழக்கே என்பது இதனால் பெறப்படும்.

வழக்கு மாறாது நிற்குமோ எனின், நில்லாது. மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியாகவும், தக்கேசியைக் காம்போதியாகவும் ஓதுவார் இன்று பாடுகின்றனர். சம்பந்தர் காலத்து வடிவம் இதுவேதான் எனத் துணிதற்குச் சான்றில்லை. படிவழி மீட்பிலும் படிதோறும் சில மாறும். ஆயினும் இசை அறாது தொடரும்.

யாழின் நிலை வேறு. அஃது இடைக்காலத்தே வழக்கொழிந்தது. அதனை மீட்டுவார் மரபும் அற்றது. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலானந்த அடிகள், சிலப்பதிகார அரங்கேற்றுகாதையை அடிப்படையாகக் கொண்டு, பழைய யாழ்களின் அமைப்பையும் சுருதிகளையும் கணித்து நிறுவினார். அவ்வாராய்ச்சியாகிய யாழ்நூல் 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அறிவியல் பயின்றவராதலின் அவர்க்குக் கணக்குத் துணையாயிற்று. இது கணிப்புவழி மீட்பு. மரபு அற்றவிடத்து இஃதன்றி வேறு வழியில்லை. எனினும் கணித்துப் பெற்றதற்கும், கேட்டுப் பெற்றதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது.

இவ்வொப்பீட்டால் நாம் கொள்ளத்தக்கன மூன்று. ஒலிப்பதிவை மட்டும் சேமித்து, அதனை ஒலிப்பிக்கும் கருவியையும் மென்பொருளையும் கைவிடுதல், ஏட்டைக் காத்துப் பண்ணை இழத்தலோடு ஒக்கும். படி எஞ்சியிருக்கும்பொழுதே படியெடுத்தல் வேண்டும். அற்றபின் கணித்தல் அரிது, ஐயத்துக்கும் இடனாவது. மீட்டவற்றுள் எது படி, எது கணிப்பு என்பதைக் குறித்து வைத்தலும் கடனாகும்.

ஓதுவார் குரலைப் பதிந்த நாடாக்களும் வட்டுகளும் பல நிலையங்களிலும் இல்லங்களிலும் உள்ளன. அவற்றை ஒலிப்பிக்கும் கருவிகள் ஆண்டுதோறும் அருகி வருகின்றன. பூட்டிய அலமாரியைக் காப்பென்று நாம் கருதியிருப்போமாயின், தில்லை அறையில் செல் செய்ததைக் காலம் இவற்றிற்கும் செய்யும். அலமாரியைத் திறந்து, ஒலிப்பித்துக் கேட்டு, படியெடுத்தல் இசைத்துறையினர்க்கே உரிய பணியன்று; திருமுறை பயிலும் தமிழ்த்துறையினர்க்கும் உரியதாகும்.