துக்கியும் தோகையும்

தோகை என்பது மயிலின் வால் அன்று. உண்மையான வால் அதற்கு அடியில், தவிட்டு நிறத்தில், குட்டையாக இருக்கிறது. ஆண்மயில் ஆடும்போது பின்னாலிருந்து முட்டுக்கொடுப்பது அதுதான். முதுகின் கடைப்பகுதியில் முளைத்து வாலுக்கு மேலாக நீளும் இறகுகளே தோகை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் உதிர்ந்துவிடும், பிறகு முளைக்கும்.

சொல் மயிலுக்கு மட்டும் உரியதன்று. கரும்பின் நீண்ட இலையும் தோகைதான். உழவர் வாயில் சோகை. மயிலிடம் வந்தபின் அது சினையாகுபெயராகி முழுப் பறவையையே குறித்தது. அங்கிருந்து பெண்ணுக்கும் பெயரானது. பெண்மயிலுக்குத் தோகையே கிடையாது என்பதைப் புலவர்கள் பொருட்படுத்தவில்லை!

இந்தச் சொல்லைக் கப்பலேற்றியவர்களில் ஒருவர் மொழியறிஞர் கால்டுவெல். சாலொமோனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு ‘துக்கியீம்’ கொண்டுவந்ததாகப் பழைய ஏற்பாட்டின் முதலாம் இராஜாக்கள் நூல் சொல்கிறது. ‘ஈம்’ எபிரேயப் பன்மை விகுதி. எஞ்சும் ‘துக்கி’ நம் தோகையே என்றார் அவர். நம் மேடைகளில் இது முடிந்த முடிவாகிவிட்டது. ஆனால் அச்சொல் விவிலியத்தில் வருவது இரண்டே இடங்களில், அதுவும் ஒரே செய்தியில். எகிப்திய மொழிச் சொல்லைக் காட்டி, அதுவும் ஒருவகைக் குரங்கே என்றவர்களும் உண்டு. இன்றைய எபிரேயத்திலோ துக்கி என்றால் கிளி. மயிலுக்குப் பெயர் தவாஸ், அரபியின் தாவூஸுக்கு உறவு. கால்டுவெல் சொன்னது நடந்திருக்கலாம். மெய்ப்பிக்கப்பட்டது என்று நான் எழுதமாட்டேன்.

மயில் என்ற சொல்லின் வழக்கு இதைவிட வலுவானது. ரிக்வேதத்திலேயே ‘மயூர’ வந்துவிட்டது. அதைத் திராவிடக் கடன் என்றார் வடமொழி அறிஞர் பரோ. முண்டா மொழிகளைக் காட்டுவோரும் இருக்கிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் முதலாம் பாறைக் கல்வெட்டு, அரண்மனை மடைப்பள்ளியில் இன்னும் இரண்டு மயிலும் ஒரு மானும் கொல்லப்படுவதை ஒளிக்காமல் சொல்கிறது. இனி அவையும் கொல்லப்படா என்றும் உறுதி தருகிறது. அங்கே மயிலின் பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது: குஜராத்தின் கிர்நாரில் ‘மோரா’, இமயத்தின் அடிவாரத்திலுள்ள கால்சியில் ‘மஜுலா’. லகரத்தைக் கண்டதும் நம் மயில் வந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். ரகரமெல்லாம் லகரமாகும் கிழக்குப் பிராகிருதம் அது; அதில் அசோகரே ‘லாஜா’தான்.