போர் விமான சிமுலேட்டர்: பொம்மையா, பயிற்சியா?

இன்னைக்கு ஒரு விசித்திரமான விளையாட்டு வகையைப் பத்திப் பேசலாம். ஆரம்பிச்ச உடனே சுடுற விளையாட்டு இல்ல இது. சிலதுல எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கே பல நிமிஷம் ஆகும். காம்பாட் ஃபிளைட் சிமுலேட்டர், அதாவது போர் விமானம் ஓட்டுற அனுபவத்தை முடிஞ்ச வரைக்கும் நிஜமா தரப் பார்க்கும் கணினி விளையாட்டு.

இதைப் பத்தி ரெண்டு எண்ணம் பரவலா இருக்கு. ஒண்ணு, இது விமானம் பத்தி ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான். இன்னொண்ணு, எளிமையாக்கிட்டா அது சிமுலேட்டரே இல்ல, வெறும் பொம்மை. வரலாற்றைப் பார்த்தா ரெண்டுமே நிக்காதுன்னு நான் நினைக்கிறேன்.

பூங்காவிலிருந்து ராணுவத்துக்கு

1920களில் அமெரிக்காவின் பிங்காம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்ற இளைஞர் இருந்தார். அவருடைய அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் கம்பெனி நடத்தினார். லிங்குக்கு விமானம் ஓட்டக் கத்துக்க ஆசை. ஆனா அந்தப் பயிற்சிக்குச் செலவு அதிகம். ஆர்கனுக்குக் காத்து ஊதும் துருத்தி இருக்கே, அதையே அடியில வச்சு, குட்டை இறக்கைகளோட ஒரு மரப்பெட்டி செய்தார். உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை அசைச்சா பெட்டி சாயும், திரும்பும். 1929ல் அது தயாரானது.

விமானப் பள்ளிகள் பெருசா கண்டுக்கல. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. காசு கொடுத்து மக்கள் ஏறி விளையாடினாங்க.

1934ல் அமெரிக்க அரசு, தபால் கொண்டுபோகும் விமான வேலையை ராணுவத்திடம் கொடுத்தது. பனி, மேகம், இருட்டு. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி பல பைலட்களுக்குப் போதுமான அளவு இல்லை. சில மாதங்களிலேயே பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த வருஷம்தான் ராணுவம் லிங்கின் பெட்டியில் ஆறு வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் லட்சக்கணக்கானோர் அதில் பயிற்சி எடுத்திருந்தார்கள். பொம்மைன்னு ஒதுக்கின அந்தப் பெட்டி போர்க்காலப் பயிற்சியில ஒரு முக்கியமான பாடமாவே மாறிடுச்சு.

பைலட்டை ஜெயித்த புரோகிராமர்

கணினிக்கு வருவோம். புரூஸ் ஆர்ட்விக் என்ற பொறியாளர் 1980 வாக்கில் ஆப்பிள் 2 கணினிக்கு ஃபிளைட் சிமுலேட்டர் ஒன்றை எழுதினார். வெறும் கோடுகளால் வரைந்த உலகம்தான். அந்தச் சின்ன நிரலுக்குள்ளேயே முதல் உலகப்போர் காலத்து வான்சண்டையும் இருந்தது. இந்த நிரலின் வழிவந்ததுதான் 1982ல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்.

அதே 1982ல் இன்னொரு சம்பவம். லாஸ் வேகாஸில் ஒரு ஆர்கேடில் 'ரெட் பேரன்' என்ற விமானச் சண்டை விளையாட்டு. பில் ஸ்டீலி, அமெரிக்க விமானப்படையில் பைலட்டாக இருந்தவர், நல்ல ஸ்கோர் எடுத்தார். கூட வேலை பார்த்த சிட் மையர் உட்கார்ந்து அவரைத் தாண்டிவிட்டார். எப்படின்னு கேட்டா, எதிரி விமானங்கள் எந்த முறையில வருதுன்னு கவனிச்சுட்டேன்னார். இதைவிட நல்ல விளையாட்டை ஒரு வாரத்தில் எழுத முடியும்னும் சொன்னார். ஒரு வாரத்தில் முடியல, ஆனா எழுதிட்டார். இருவரும் சேர்ந்து மைக்ரோபுரோஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள்.

அவர்களுடைய 'எஃப்-15 ஸ்ட்ரைக் ஈகிள்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் நான்கு நிலைகள்: ஆர்கேட், ரூக்கி, பைலட், ஏஸ். புதுசா வர்றவருக்கும் இடம் உண்டு, பழகினவருக்கும் உண்டு.

எது இழுக்குது?

இதுல அப்படி என்ன இருக்குன்னு கேட்டா, என் பதில்: வேகமும் உயரமும். வான்சண்டையில் இது ரெண்டும் சேமிப்புப் பணம் மாதிரி. உயரத்தைக் கொடுத்து வேகம் வாங்கலாம், வேகத்தைக் கொடுத்து உயரம் வாங்கலாம். சட்டுன்னு திரும்பினா சேமிப்பு கரையும். ரொம்பக் கரைஞ்சா, இறக்கையில் காத்து சரியா ஒட்டி ஓடாம விமானம் தாங்குதலை இழந்து விழும். அதுதான் ஸ்டால்.

1916ல் ஓஸ்வால்ட் போல்கே என்ற ஜெர்மன் பைலட் தன் வீரர்களுக்குச் சில விதிகளை வகுத்தார். தாக்கும் முன் சாதகமான இடத்தைப் பிடி, முடிந்தால் சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொள். நூறு வருஷம் தாண்டி, லேப்டாப் கீபோர்டில் விளையாடும் நமக்கும் அது வேலை செய்யுது. புத்தகத்தில் படித்த வரலாறு கைவிரலுக்கு வந்துடுது. எனக்கு இதைவிடப் பெரிய கவர்ச்சி வேற இல்ல.

கதவு குறுகின காலம்

90களில் ஒரு போட்டி வந்தது: யார் அதிக நிஜம்? அதன் உச்சம் 1998 டிசம்பரில் வந்த 'ஃபால்கன் 4.0'. எஃப்-16 விமானத்தின் ரேடாரும் ஆயுத அமைப்பும் அவ்வளவு விவரமாக இருந்தன. கூடவே வந்த கையேடு சில நூறு பக்கங்கள். பிழைகளும் நிறைய. ஒரு வருஷத்துக்குள் அதை உருவாக்கிய குழு கலைக்கப்பட்டது. 2000ல் நிரலின் மூலம் கசிய, ரசிகர்களே அதைத் திருத்தி வளர்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் உழைப்பில் இன்னைக்கும் அது உயிரோட இருக்கு. மரியாதைக்குரிய விஷயம்தான். ஆனா நிபுணர்கள் நிபுணர்களுக்காகச் செய்யும் இடத்துக்குப் புது ஆள் எப்படி வருவார்?

2001ல் ரஷ்யாவிலிருந்து வந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' நல்ல பதில் சொன்னது. ஸ்டால், எஞ்சின் பராமரிப்பு, தோட்டா தீருவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். இன்னைக்கு ஒண்ணு, அடுத்த வாரம் இன்னொண்ணுன்னு நாமே கடினத்தைக் கூட்டலாம். பின்னால் வந்த 'வார் தண்டர்' இலவசம். மவுஸை எங்கே காட்டுறோமோ, விமானத்தை அந்தப் பக்கம் திருப்பும் வேலையை நிரலே பார்த்துக்கும். 'டிசிஎஸ் வேர்ல்ட்'ல ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்யும் விமானங்களுக்கு நல்ல விலை உண்டு. ஆனா அங்கேயும் ரெண்டு விமானமும் சில வரைபடங்களும் இலவசம்.

திரையில் தெரியாதது

ஒண்ணைச் சொல்லாம முடிக்க முடியாது. ஃபால்கன் 4.0 நடக்கும் இடம் கொரியத் தீபகற்பம். நிஜமாகவே ஒரு போர் நடந்து, இன்னும் முறையான சமாதான ஒப்பந்தம் இல்லாத நிலம். காக்பிட்டில் நூறு சுவிட்ச் நிஜம். கீழே விழும் குண்டுக்கு அடியில் இருப்பவர் வெறும் புள்ளி. நிஜம் நிஜம்னு நாம் கொண்டாடுவது எப்பவும் இயந்திரத்தைத்தான். பயம், வலி, இழப்பு எதுக்கும் சுவிட்ச் இல்ல. விளையாடுங்க, ஆனா இது போர் இல்ல, விமானம் மட்டும்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு: ஜாய்ஸ்டிக் வாங்க அவசரப்பட வேண்டாம். இலவசமா கிடைக்கிறதுல, எல்லா உதவியையும் போட்டு வச்சுப் பறங்க. தரையிறங்கக் கத்துக்கிட்ட பிறகு ஒவ்வொரு உதவியா எடுங்க. எந்த இடத்துல நிறுத்துறீங்கன்றது உங்க விருப்பம். 'இது உண்மையான சிமுலேட்டர் இல்ல'ன்னு யாராவது சொன்னா, லிங்கோட மரப்பெட்டியை முதல்ல வாங்கினது யாருன்னு அவங்களுக்குச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.