கடல் பக்கமிருந்து வரைந்த படம்

நான் படித்த பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடம் பிரெஞ்சில்தான். லுவார், சேன், கரோன், ரோன் என்று நான்கு ஆறுகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வைகை எங்கே போகிறது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். வேலை, கல்யாணம் எல்லாம் ஆகி, மனைவியின் ஊரான கொட்டாம்பட்டியில் வந்து தங்கிவிட்ட பிறகு அந்தப் பிரெஞ்சுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. இப்போதுதான் ஒன்று கிடைத்திருக்கிறது. பாரிஸ் தேசிய நூலகம் தன்னிடமுள்ள பழைய வரைபடங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. பேரன் லேப்டாப்பில் திறந்து கொடுத்தால் பொழுது போவதே தெரிவதில்லை.

முதலில் பார்த்தது கடல் படங்கள். தாப்ரே த மன்விலெத் என்பவர் பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல் தலைவர். அவருடைய 'நெப்தூன் ஓரியாந்தால்' என்ற கடல் படத் தொகுப்பு 1745-ல் வெளிவந்தது. திருத்திப் பெரிதாக்கிய பதிப்பு 1775-ல். இந்த மாதிரிப் படங்களில் கரையை ஒட்டி எறும்பு ஊர்வது போல எண்கள் இருக்கும். தண்ணீரின் ஆழம். அடியில் மணலா சேறா என்பதும் உண்டு. காரணம் எளிது. சென்னையிலும் சரி, பாண்டிச்சேரியிலும் சரி, அன்று கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுவர நம் சலங்குகளைத்தான் நம்ப வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லையே எடுத்து 'ஷெலாங்க்' ஆக்கிக்கொண்டார்கள். ஆழத்தை அவர்கள் அளந்தது 'பிராஸ்' கணக்கில். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். நம் கடற்கரையில் பாகம் என்று சொல்வதும் அதுவேதான்.

ஊர்ப் பெயர்களைப் பிரெஞ்சு உச்சரிப்பில் வாய்விட்டுப் படித்தால் பாதிக்குமேல் விளங்கிவிடும். சோழமண்டலம் கொரொமாந்தல் ஆனது எல்லோருக்கும் தெரியும். கோடியக்கரை முனைக்குக் 'கலிமேர்' என்று போட்டிருக்கிறது. கள்ளிமேடு என்பதன் திரிபு என்கிறார்கள். ராமேசுவரம் தீவு பல பழைய படங்களில் 'ரமனன்கோர்'. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, பிறகு சிரித்துவிட்டேன். ராமன் கோயில்! படகில் வந்தவன் கையை நீட்டி "அது என்ன?" என்று கேட்டிருப்பான், இங்கிருந்தவன் கோயிலைச் சொல்லியிருப்பான். அதுவே தீவின் பெயராகிவிட்டது.

கப்பல்காரனுக்குக் கரையோடு வேலை முடிந்தது. உள்நாட்டைச் சொன்னவர்கள் கால்நடையாகத் திரிந்த பாதிரிமார்கள். மதுரை மிஷனில் இருந்த பூஷே என்ற ஏசு சபைக் குருவைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் கோயில் கட்டியவர் அவர். மதுரை, தஞ்சாவூர், மறவர் சீமைகளைக் காட்டும் அவருடைய படம் 1722-ல் பாரிஸில் அச்சானது. பாரிஸைத் தாண்டி அதிகம் போகாத தான்வில் என்ற பூகோள அறிஞர், இதையும் கப்பல்காரர்களின் படங்களையும் வைத்து ஒப்பிட்டு, 1752-ல் கம்பெனிக்காக இந்தியா முழுவதற்கும் ஒரு படம் வரைந்தார். நம்பத்தக்க செய்தி கிடைக்காத இடத்தில் யானையும் சிங்கமும் போட்டு நிரப்பாமல் வெறுமனே விட்டுவிடுவார் என்று அவருக்குப் பெயர். குமாஸ்தா வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பதிவேட்டில் தெரியாத பத்தியைக் காலியாக விடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

"நம்ம ஊர் எங்கே தாத்தா?" என்றான் பேரன். திருச்சி இருக்கிறது, மதுரை இருக்கிறது. இடையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் கொட்டாம்பட்டி கண்ணில் படவில்லை. பாரிஸில் இருந்தவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இங்கே இருந்தவர்களுக்கு ஒவ்வொரு கண்மாயும், ஒவ்வொரு கணவாயும் தெரியும்.

அது எவ்வளவு தெரியும் என்பதை மூன்றே வருடத்தில் வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். 1755-ல் கர்னல் ஹெரான் என்ற ஆங்கிலேயத் தளபதி மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி வசூலுக்காகப் படையெடுத்து வந்தார். மதுரைக்குப் பக்கத்துத் திருமோகூர்க் கோயிலின் விக்கிரகங்களையும் தூக்கிக்கொண்டார்கள். மே மாதக் கடைசியில் திருச்சிக்குத் திரும்பும்போது, எங்களுக்கு மேற்கே நத்தம் கணவாயின் காட்டுப் பாதையில் படை நீளமாகச் சிக்கியது. கள்ளர்கள் காத்திருந்து இரு பக்கமும் பாய்ந்தார்கள். பலர் மாண்டார்கள், சாமிகளையும் மீட்டுக்கொண்டார்கள். ஹெரான் பிறகு ராணுவ விசாரணைக்கு ஆளாகி வேலையை இழந்தார்.

அதன் பிறகுதான் நிலத்தை உள்ளுக்குள் புகுந்து அளக்கும் வேலை மும்முரமானது. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் மோதி நசுங்கிப்போன கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலக பீரோவில் புலப்படங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. இந்தப் பக்கத்துக் கிராமங்களும் அதில் இருந்தன. வரப்பு வளைகிற இடத்துக்கெல்லாம் ஒரு கல், கல்லுக்கு ஒரு எண். கல்லை நகர்த்திவிட்டார்கள் என்று மனு கொடுக்க வந்தவர்களுக்கு அந்தத் தாளைத்தான் விரித்துக் காட்டுவோம்.