எறும்பின் களஞ்சியம்

சமையற்கட்டில் சிந்திய அரிசி நொய்யை எறும்பு இழுத்துச் செல்வதைக் காணாத இல்லம் இல்லை. கொண்டு சென்ற தானியத்தை அது என்ன செய்கிறது? சிறுவினாதான். ஆயினும் அதைக் குறித்து அறிஞருலகில் நடந்த வழக்கு மிக நீண்டது. அதன் தீர்ப்பு நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிய வேண்டியது.

திருமறையின் 27-ஆவது அத்தியாயம் எறும்பின் பெயராலேயே 'அந்நம்ல்' என வழங்குகிறது. நபி சுலைமான் (அலை) அவர்களின் படை வரக்கண்டு தன் இனத்தை எச்சரித்த எறும்பை அதில் காண்கிறோம். அதை ஓதி வளர்ந்த அரபு அறிஞர்கள் எறும்பை அற்பமென ஒதுக்கவில்லை. அவர்களுள் தலையாயவர் பஸரா நகரத்து ஜாஹிழ். பிதுங்கிய விழிகளால் அவருக்கு அப்பெயர் வந்தது. இளமையில் ரொட்டியும் மீனும் விற்றுப் பிழைத்தவர் என்பர். ஹிஜ்ரி 255-இல் (கி.பி. 868-869) மறைந்த இப்பேரறிஞர், 'கிதாபுல் ஹயவான்' என்னும் ஏழு பாக நூலில் எறும்பின் வாழ்வை விரித்துரைத்துள்ளார்.

அவர் கூறுவதன் சாரம் இது: எறும்பு கோடையில் தானியம் சேர்த்துக் குளிர்காலத்துக்கு வைக்கும். ஈரம் பட்டுக் கெடும் என அஞ்சினால் வெளியே கொணர்ந்து உலர்த்தும். முளைத்துவிடும் என அஞ்சினால் முளை கிளம்பும் இடத்தைத் துளைத்துவிடும்; வித்தை இரண்டாகப் பிளக்கும். கொத்தமல்லியை மட்டும் நான்காகப் பிளக்கும். ஏனெனில் அதன் பாதியும் முளைக்கும். ஹிஜ்ரி 808-இல் (கி.பி. 1405) மறைந்த எகிப்திய அறிஞர் தமீரீயும் 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் இவ்வாறே எழுதினார்.

இதை அரபியர் மட்டுமே கண்ட புதுமை என நாம் பெருமை பேசலாகாது. எறும்பு வித்தைக் கடித்து வைப்பதையும் நனைந்ததை உலர்த்துவதையும் உரோமானியப் பேரறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார். நடுநிலக் கடலைச் சூழ்ந்த மக்களுக்கு இது பழகிய செய்தி.

பின்னர் வழக்குத் திரும்பியது. 1747-இல் இங்கிலாந்தின் எறும்புகளை ஆராய்ந்து நூல் எழுதிய வில்லியம் கூல்டு, அவற்றின் புற்றுகளில் தானியக் களஞ்சியம் எதையும் காணவில்லை. 1810-இல் ஜெனீவாவின் பியர் ஹூபரும் அவ்வாறே உரைத்தார். இருவரும் கூர்மையான பார்வையினர், கண்டதையே எழுதினர். குளிர்நாட்டு எறும்புகள் பனிக்காலத்தில் செயலற்று ஒடுங்குவதால் அவற்றுக்குச் சேமிப்புத் தேவையில்லை. ஆனால் அந்நாட்டு எறும்புக்குரிய உண்மை உலகத்து எறும்புகள் அனைத்துக்கும் உரியதாகக் கொள்ளப்பட்டது. முன்னோர் உரைத்தவை கட்டுக்கதையாகிவிட்டன. எறும்பு சுமந்தது தன் கூட்டுப்புழுவையே. அதைத் தானியமென மயங்கினர் என்று விளக்கமும் பிறந்தது.

அவ்விளக்கத்தை அசைத்த முதற்சான்றுகளுள் ஒன்று நம் நாட்டிலிருந்து சென்றது. 1829-இல் பூனாவில் கர்னல் சைக்ஸ் என்பார், மழைக்குப்பின் எறும்புகள் புல்விதைகளை வெளியே கொணர்ந்து குவித்து உலர்த்துவதைக் கண்டார். தென்னிந்திய எறும்புகளை ஆராய்ந்து 1851-இல் சென்னை இதழொன்றில் பட்டியல் வெளியிட்ட மருத்துவர் ஜெர்டனும், விதைகளைச் சேர்க்கும் எறும்புகளைக் கண்டு எழுதினார்.

முடிவான தீர்ப்பைத் தந்தவர் மாக்ரிட்ஜ் என்னும் ஆங்கில இளைஞர். நோயுற்ற உடலோடு தென்பிரான்சின் மெந்தோன் ஊரில் குளிர்காலங்களைக் கழித்த அவர், புற்றுகளைப் பொறுமையாக அகழ்ந்து பார்த்தார். உள்ளே அறை அறையாக விதைகள் இருந்தன. முளைத்த விதைகளின் வேர்முனையை எறும்புகள் கடித்தெறிந்து, வெயிலில் உலர்த்தி, மீண்டும் உள்ளே வைத்தன. 1873-இல் இவற்றை நூலாக்கினார். மறு ஆண்டே தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அறுவடை எறும்புகள் என ஓரினமே உண்டென்பது இன்று எல்லாரும் ஒப்பிய உண்மை.

கொத்தமல்லியின் கணக்கும் எண்ணத்தக்கது. நாம் ஒரு விதை என்பது உண்மையில் இரு விதைகள் அடங்கிய கனி. அதை இரண்டாகப் பிளந்தால் இரண்டும் தனித்தனியே முளைக்கும். எறும்பு அதை நான்காக்குகிறதோ இல்லையோ, இச்செய்தியை முதலில் சொன்னவர் கொத்தமல்லியைக் கையிலெடுத்துப் பிரித்துப் பார்த்தவரே என்பதில் ஐயமில்லை.

பழைய நூலில் உள்ளதெல்லாம் மெய் என்று கண்மூடி ஏற்பதும், பழையது என்பதனாலேயே பொய் என்று தள்ளுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். இருசாராரும் புற்றருகே சென்று குனிவதில்லை. ஜாஹிழின் நூலைப் போற்றுவோர் அவர் பெயரைச் சொல்வதோடு நில்லாது, அவர் கண்ட எறும்பையும் காண வேண்டும். மழை விட்ட காலையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று புற்றின் வாயிலைக் காட்டுங்கள். அங்கே விதைகள் உலர்ந்து கொண்டிருக்கக் கூடும்.