கடற்பாலமும் கழிநீரும்: தெப்ராவ் நீரிணையின் சூழலியல் வரலாறு

முன்னுரை

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாதையை இவ்வட்டாரத் தமிழர் 'கடற்பாலம்' என வழங்குகின்றனர். மலாய்மொழியில் அதன் பெயர் 'தம்பாக் ஜொகூர்'. 'தம்பாக்' என்னும் சொல் பாலத்தைக் குறிப்பதன்று; நீரில் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பப்படும் கரையைக் குறிப்பது. இவ்வேறுபாடு வெறும் சொல்லளவில் நிற்பதன்று. பாலத்தின்கீழ் நீர் ஓடும். கரை நீரைத் தடுக்கும். 1924ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட இக்கரையின் வரலாறு, இரயில்பாதையின் வரலாறாகவும் போரின் வரலாறாகவும் இருநாட்டு எல்லையின் வரலாறாகவும் பலமுறை எழுதப்பட்டுள்ளது. அது தடுத்து நிறுத்திய நீரின் வரலாறும் அந்நீரை நம்பி வாழ்ந்த மீன்களின் வரலாறும் நம் எழுத்துகளில் அருகியே காணப்படுகின்றன.

இருமுனையும் திறந்திருந்த கடல்வழியொன்று, மனித முயற்சியால் எவ்வாறு உப்பங்கழியின் இயல்புடைய இரு நீர்ப்பகுதிகளாக மாறியது என்பதையும், அம்மாற்றத்தில் தமிழ்ச் சமூகம் எங்கு நிற்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கழி, காயல், களப்பு

கடலோடு குறுகிய வாயிலால் தொடர்புகொண்டு, ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து தேங்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. கழி, உப்பங்கழி, காயல் ஆகியவை தமிழகத்தில் வழங்குவன. ஈழத்தில் 'களப்பு' என்பர். மட்டக்களப்பு என்னும் ஊர்ப்பெயரே அதற்குச் சான்றாகும். சங்க இலக்கியத்தின் நெய்தல் திணை கடற்கரையை மட்டுமன்றிக் கழியையும் கானலையும் கண்டலையும் தன் நிலமாகக் கொண்டது. 'கண்டல்' என்னும் சொல் மலையாள வழக்கின்வழி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் 17ஆம் நூற்றாண்டுத் தாவர நூலில் பதிவாகி, பின்னர் 'காண்டேலியா' என்னும் தாவரப் பேரினத்தின் அறிவியற்பெயராகவும் நிலைபெற்றது. கழிநிலத்தைக் கூர்ந்து நோக்கிய மரபு நமக்குப் புதிதன்று என்பதற்காகவே இவை ஈண்டுச் சுட்டப்படுகின்றன.

கடலியல் அறிஞர் பியோர்ன் கியெர்ஃபே 1986இல் கடற்கழிகளை, கடலோடு அவை நீரைப் பரிமாறிக்கொள்ளும் அளவைக்கொண்டு மூவகையாகப் பிரித்தார். வாய் மிகக் குறுகி மூச்சுத்திணறுவதுபோல் உள்ளவை ஒருவகை; ஓரளவு கட்டுண்டவை இரண்டாம் வகை; பல வாயில்களால் தாராளமாகக் கடலோடு கலப்பவை மூன்றாம் வகை. நிலவியல் நோக்கில் தெப்ராவ் நீரிணை கழியன்று; அது நீரிணையே. ஆயினும் நீர் எத்தனை நாள் தங்குகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்னும் நோக்கில் பார்த்தால், கடற்பாலத்திற்குப் பிந்திய தெப்ராவ் கழிகளின் இயல்பை நெருங்கிவிட்டது எனலாம்.

கரை எழுவதற்கு முன்

தெப்ராவ் நீரிணை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுடையது. மேற்கே பூலாய் ஆற்றுக் கழிமுகமும் கிழக்கே ஜொகூர் ஆற்றுக் கழிமுகமும் அமைய, இடையே ஸ்கூடாய், தெப்ராவ் முதலிய ஆறுகள் அதனுட் கலக்கின்றன. இந்நீரில் படகுகளையே வீடாகக்கொண்டு வாழ்ந்தவர்கள் செலேத்தார் மக்கள். நில அளவையாளர் ஜே. டி. தாம்சன் 1847ஆம் ஆண்டிலேயே அவர்களைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். சிங்கப்பூர்க் கரையிலுள்ள செலேத்தார் என்னும் இடப்பெயர் அவர்களை இன்றும் நினைவூட்டுகிறது. அவர்களுக்கு நீரிணை எல்லையன்று, வாழ்நிலம்.

ஆற்றங்கரைகளின் மாற்றம் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1844 முதல் ஜொகூர் ஆட்சியாளர் வழங்கிய 'சூராட் சுங்கை' என்னும் ஆற்று உரிமைப் பத்திரங்களின்வழிச் சீனர்கள் மிளகும் கம்பீரும் பயிரிட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய உழைப்பில் தமிழர்க்கும் பெரும்பங்கு உண்டு. மரம் வீழ்ந்த மேட்டுநிலத்து மண் மழைநீரோடு ஆற்றையும், ஆற்றின்வழிக் கழிமுகத்தையும் அடைவது இயற்கை. ஆகவே தோட்ட வரலாறும் நீரிணை வரலாறும் தொடக்கத்திலிருந்தே பிணைந்தவை.

கரை எழுந்த வரலாறு

1909இல் ஜொகூர் வழியாக இரயில்பாதை முழுமையடைந்தபின், நீரிணையைக் கடக்கப் படகுகளே பயன்பட்டன. சரக்குப் போக்குவரத்து பெருகவே நெரிசல் மிகுந்தது. இதற்குத் தீர்வாகக் கற்கரை அமைக்கும் திட்டம் 1917இல் முன்வைக்கப்பட்டது. பூலாவ் ஊபின், புக்கிட் தீமா ஆகிய இடங்களின் கல்லுடைப்புக் களங்களிலிருந்து கருங்கல் கொணரப்பட்டது. 1923இல் இரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜூன் 28 அன்று அதிகாரபூர்வத் திறப்புவிழா நடைபெற்றது. கரையின் நீளம் 1,056 மீட்டர்.

ஜொகூர் முனையில் சிறுகலங்கள் கடந்து செல்வதற்கெனக் கதவுகளுடைய நீர்வழி ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரித்தானியப் படையினர் கரையின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். போருக்குப்பின் பாதை சீர்செய்யப்பட்டது. கலங்கள் செல்லும் நீர்வழி மீண்டும் பயன்பாட்டிற்கு வரவில்லை. இதனால் இருபக்க நீருக்கும் இடையிலிருந்த சிறு தொடர்பும் பொருளற்றுப்போயிற்று.

நீரின் மாற்றமும் மீன்களின் வாழ்வும்

கழிமுக மீன்களை அவற்றின் வாழ்க்கைமுறை கொண்டு மூன்று தொகுதிகளாகக் காணலாம். முதலாவது, வாழ்நாள் முழுதும் கழியிலேயே தங்குபவை; சேற்றில் தத்திச் செல்லும் 'பெலாச்சாக்' மீனும் உளுவை இனங்களும் இத்தகையன. இரண்டாவது, கடலில் முட்டையிட்டு, குஞ்சுப்பருவத்தில் கழிக்குள் புகுந்து வளர்ந்து மீண்டும் கடலேகுபவை. மடவை இதற்கு எடுத்துக்காட்டு. நம் சந்தைகளில் 'சியாக்காப்' எனப்படும் கொடுவாயும் இளமையில் கழிமுகத்தையும் நன்னீரையும் நாடி, முட்டையிடும் காலத்தில் உவர்நீருக்குத் திரும்புகிறது. மூன்றாவது, மழைக்காலத்தில் ஆற்றுநீரோடு வந்து செல்லும் நன்னீர் மீன்கள். இவற்றுள் முதல் தொகுதிக்குச் சேறும் கண்டலும் போதும். ஏனைய இரண்டிற்கும் வழி திறந்திருத்தல் வேண்டும்.

கண்டற்காடுகள் மீன்களின் வளர்ப்புநிலம் என்பதை மலேசியாவிலேயே நிகழ்த்தப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சசேகுமாரும் அவர்தம் குழுவினரும் சிலாங்கூர்க் கண்டற்காட்டு ஓடைகளில் மேற்கொண்டு 1992இல் வெளியிட்ட ஆய்வு, 119 மீனினங்களையும் 9 இறால் இனங்களையும் பதிவுசெய்தது. அகப்பட்ட மீன்களுள் பெரும்பாலானவை இளம்பருவத்தின என்பது குறிப்பிடத்தக்கது. ஓரிடத்து ஓடையைத் தூர்ப்பதனால் வேறிடத்து மீன்பிடிப்புக் குறைவதற்கான காரணம் இதனால் விளங்கும்.

கரை எழுந்தபின் ஏற்றவற்றம் நீரிணையை ஊடுருவிச் செல்லாமல், இருபுறமிருந்தும் நடுவரை வந்து திரும்புகிறது. கரையை அண்டிய பகுதியில் நீர் எளிதில் மாறுவதில்லை. நீர் வேகம் இழக்கும்போது மண்டி படிகிறது. ஊர்க்கழிவும் தோட்ட உரமும் கொணரும் ஊட்டப்பொருள்கள் வெளியேறாமல் தங்குகின்றன. வெயிலும் வெப்பமும் குறையாத நில நடுக்கோட்டு வட்டாரத்தில் இத்தகைய நீர் நுண்பாசிகளுக்கு உகந்த இடமாகிறது. பாசி பெருகும் நீரில் பகலில் உயிர்வளி மிகுதியாகவும் இரவில் மிகக் குறைவாகவும் இருக்கும். விலகிச் செல்ல வழியுள்ள மீன் தப்பும். கூண்டில் வளர்க்கப்படும் மீன் தப்ப இயலாது.

2014ஆம் ஆண்டு மேற்கு நீரிணையில் இதுவே நிகழ்ந்தது. 'கார்லோடினியம் ஆஸ்திராலே' என்னும் நச்சு நுண்பாசி பெருகிக் கூண்டு மீன்கள் திரளாக மடிந்தன. மறு ஆண்டு கிழக்கு நீரிணையின் சிங்கப்பூர்ப் பண்ணைகளில் நேர்ந்த பாசிப்பெருக்கில் 500 டன்னுக்கு மேற்பட்ட மீன்கள் இறந்தன.

எனினும் இவையனைத்திற்கும் கடற்பாலம் ஒன்றே காரணம் எனல் வரலாற்றுப் பிழையாகும். சிங்கப்பூர்க் கரையின் கிராஞ்சிக் கழிமுகம் 1975இலும், லோவர் செலேத்தார் 1986இலும் அணையிடப்பட்டு நன்னீர்த் தேக்கங்களாயின. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் லிங்கியு அணை 1990களில் எழுந்தது. இருகரையும் நன்னீரைத் தமக்கென வைத்துக்கொண்டன. கழிவுநீரையே பெரும்பாலும் நீரிணைக்கு விட்டன. நகர்மயமும் தொழிற்பேட்டைகளும் கண்டற்காட்டின் பெரும்பகுதியை விழுங்கின. கரை தேக்கிய நீரில், பின்வந்தோர் செய்தவை அனைத்தும் தேங்கின என்பதே பொருந்தும்.

பழவேற்காடு: ஓர் ஒப்பீடு

நீர்ப்பரப்பின் குறுக்கே பாதையமைத்தலின் விளைவைத் தமிழர் வாழும் வேறொரு கழியிலும் காணலாம். தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவான பழவேற்காடு ஏரி, சிலிக்காவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் கழியாகும். 1971இல் செயற்படத் தொடங்கிய ஸ்ரீஹரிகோட்டா விண்வெளித் தளத்திற்காகச் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே சாலை இடப்பட்டது. ஏரியின் வடபகுதிக்குச் செல்லும் நீரோட்டம் அதனால் தடைப்பட்டது. பழவேற்காட்டு மீனவர் 'பாடு' என்னும் முறைப்படி மீன்பிடி இடங்களைத் தம்முள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். நீர் வற்றி மீன்பிடி இடங்கள் சுருங்கும்போது, பகிர்வதற்குரிய பொருளே குறைந்து அம்முறையும் நெருக்கடிக்கு உள்ளாகிறது. இரயிலும் விண்கலமும் நாட்டிற்கு இன்றியமையாதவை. அவற்றின் விலையைக் கழியோரத்தார் செலுத்தினர் என்பதே இரண்டிற்குமுள்ள ஒற்றுமை.

மேற்குக் கழிமுகம்: எஞ்சியிருப்பது

நீரிணையின் மேற்கு வாயிலில் இன்னும் வளம் எஞ்சியுள்ளது. பூலாய் ஆற்றுக் கண்டற்காடு (9,126 ஹெக்டர்), தஞ்சோங் பியாய் (526 ஹெக்டர்), கூக்கூப் தீவு (647 ஹெக்டர்) ஆகிய மூன்றும் 2003 ஜனவரி 31 அன்று உலக முக்கியத்துவமுடைய ஈரநிலங்களாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அறிவிக்கப்பட்டன. அருகிலுள்ள மெராம்போங் திட்டில் கடற்புல் படுகையும் கடற்குதிரைகளும் உள்ளன. தஞ்சோங் கூப்பாங் என்னும் இடப்பெயரிலுள்ள 'கூப்பாங்', மலாய்மொழியில் பச்சைச் சிப்பியையும் குறிக்கும்.

இப்பகுதியில் பாரஸ்ட் சிட்டி என்னும் நகரத்திற்காகக் கடலில் மண் கொட்டும் பணி 2014இல் தொடங்கியது. அதற்குரிய விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஒப்புதல் பெற்றது 2015 ஜனவரியில்தான். பணி முந்தி, மதிப்பீடு பிந்திய இவ்வரிசை வரலாற்று மாணவர்கள் கருத்திற்கொள்ளத்தக்கது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்பு, தஞ்சோங் கூப்பாங்கிற்கும் துவாசுக்கும் இடையே தூண்களின்மேல் நிற்கும் உண்மையான பாலம். நீர் அதன்கீழ் ஓடுகிறது. பழைய கரைக்கு மாற்றாகப் பாலம் அமைக்கும் மலேசியத் திட்டம் 2006 ஏப்ரலில் கைவிடப்பட்டது. நீரோட்டம் மீளும் என்பதும் அத்திட்டத்திற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

தமிழ்ச் சமூகமும் நீரிணையும்

மலேசியத் தமிழர் வரலாற்றை நாம் பெரும்பாலும் மரத்தையும் தண்டவாளத்தையும் மையமாகக்கொண்டு எழுதியுள்ளோம். தோட்டத்தின் எல்லை எங்கு முடிந்தது என்பதைக் குறித்தோம். தோட்டத்து ஓடை எங்குச் சென்று சேர்ந்தது என்பதைக் குறிக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் ஜொகூர்த் தமிழருள் பலர் ஸ்கூடாய், மாசாய், பாசீர் கூடாங் முதலிய நகர்ப்புறங்களில் குடியேறினர். இவை யாவும் நீரிணையை நோக்கி நீர் வடியும் பகுதிகளே.

2019 மார்ச் மாதத்தில் பாசீர் கூடாங் வட்டாரத்தின் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அதுகாறும் மீனின் சிக்கலாக மட்டும் கருதப்பட்ட ஒன்று வகுப்பறைக்குள் நுழைந்தது. நச்சுக்காற்றை நுகர்ந்து முதலில் பாதிக்கப்பட்டவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். நீரின் வரலாறு பாடநூலுக்குப் புறம்பானது என்று இனிச் சொல்வதற்கில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தெப்ராவ் நீரிணை கழியின் இயல்பைப் பெற்றது இயற்கையால் அன்று, நூறாண்டுக்காலக் கட்டுமானங்களால் என்பது பெறப்படும். மனிதரால் நேர்ந்த மாற்றம் ஆதலின், அதைக் குறைத்தலும் மனிதர்க்கு இயல்வதே. தூண்மேல் பாலம் அமைத்தல், எஞ்சிய கண்டலைக் காத்தல், மதிப்பீட்டிற்குப் பின்னரே மண் கொட்டுதல் ஆகியன அறியப்படாத வழிகளல்ல.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. நெய்தல் திணையைக் கற்பிக்கும்போது கழி, கண்டல் என்னும் சொற்களுக்கு அகராதிப் பொருள் கூறுவதோடு அமையாது, ஜொகூர் மாணவரைப் பூலாய்க் கழிமுகத்திற்கு அழைத்துச் சென்று காட்டலாம். அங்குக் கண்டல் இன்னும் நிற்கிறது. அதன் வேர்களிடையே மீன்குஞ்சுகள் இன்னும் வளர்கின்றன. செலேத்தார் முதியவர்களின் நினைவுகளையும், கரையோரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் முதியவர்களின் நினைவுகளையும் ஒருசேரத் தொகுப்பது ஆய்வு மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அம்முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அது நிகழ்தல் வேண்டும்.