ஐஸ்லாந்தின் அவைத்தலைவர் யோன் சிகுர்ட்சன்

ஐஸ்லாந்து மக்களின் பொது அவைக்கு ஆல்திங் என்று பெயர். கி.பி. 930ஆம் ஆண்டளவில் திங்வெல்லிர் என்னும் திறந்த வெளியிலே அது முதன்முதல் கூடியபோது, அந்நாட்டில் எழுதி வைத்த சட்டம் என ஒன்றும் இல்லை. சட்டம் உரைப்போர் என்னும் தலைவர், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காகச் சட்டம் முழுவதையும் மனப்பாடமாக ஓதி வந்தார். பின்னர் நாடு நார்வே மன்னருக்கும், அதன்வழி டென்மார்க்குக்கும் உட்பட்டது. 1800ஆம் ஆண்டில் அவையும் கலைக்கப்பட்டது.

1845இல் அது ரெய்க்யாவிக் நகரில் மீண்டும் கூடிற்று. மன்னருக்கு ஆலோசனை கூறுவதன்றி அதற்கு வேறு அதிகாரம் இல்லை. கூடிய இடமும் ஒரு பள்ளிக்கூட மண்டபமே! அங்கு வந்தமர்ந்த உறுப்பினருள் ஒருவர் யோன் சிகுர்ட்சன்.

அவர் 1811ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். 1833இல் கல்வி கற்கக் கோப்பன்ஹேகன் சென்றவர் பட்டத் தேர்வை முடிக்கவே இல்லை. பழந்தோற்சுவடிகள் அவரைத் தம்பால் ஈர்த்துக்கொண்டன. மணம் பேசி வைத்திருந்த இங்கிபியோர்க் அம்மையார் 12 ஆண்டுகள் ஊரில் காத்திருந்தார்.

சுவடிப் பயிற்சி வீண்போகவில்லை. 1848இல் டென்மார்க் மன்னர் தம் தனியாட்சியைத் துறக்க முன்வந்தபோது, யோன் பழைய உடன்படிக்கையை எடுத்துக்காட்டினார். 1262இல் ஐஸ்லாந்தினர் உடன்பட்டது மன்னர் ஒருவருக்கே; டென்மார்க் மக்களுக்கு அன்று. ஆதலின் மன்னர் துறக்கும் அதிகாரம் ஐஸ்லாந்தினரையே வந்தடையும் என்பது அவர் வாதம். மறுத்துரைப்பது எளிதாயில்லை.

1849இல் அவர் முதன்முறை அவைத்தலைவர் ஆனார். ஆயினும் அவர் புகழை நிலைநாட்டிய நிகழ்ச்சி அவர் தலைமைப் பீடத்தில் இல்லாத நாளிலேதான் நிகழ்ந்தது. 1851இல் அரசியலமைப்பு குறித்துத் தேசிய மன்றம் கூடியது. நகரில் ஒரு சிறு டேனியப் படையும் வந்திறங்கியிருந்தது. அரசின் திட்டத்தை மன்றம் ஏற்காது என்று கண்ட ஆளுநர் திராம்பே பிரபு, ஆகஸ்ட் 9ஆம் நாள் மன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். யோன் பேச அனுமதி கேட்டார், தலைவர் மறுத்தார். அப்போது அவர், மன்னர் பெயராலும் மக்கள் பெயராலும் இச்செயலை எதிர்ப்பதாக முழங்கினார். மன்னர் பெயரையும் சேர்த்தது கூர்ந்து நோக்கத்தக்கது: கலகக்காரர் என்று அவரைப் பிடிக்க வழியில்லை. உறுப்பினர் பலரும் எழுந்து, தாம் அனைவரும் எதிர்ப்பதாகக் கூவினர்.

இத்தகையவரையும் மக்கள் ஒருமுறை வெறுத்தனர். காரணம் ஆட்டுச் சொறிநோய்! 1856 முதல் நோய் பரவவே, மந்தைகளைக் கொன்றொழிப்பதே வழி என்று உழவர் பலர் கூறினர். மருந்துநீரில் குளிப்பாட்டிக் குணப்படுத்தலாம் என்றார் யோன். அரசின் கருத்தும் அதுவே. 1859இல் அரசின் ஆணையாளராகவும் வந்தார். அரசுப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற பழி எழுந்தது. ஆட்டை நம்பி வாழும் மக்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் கைதட்டலுக்காகக் கருத்தை மாற்ற அவர் இசையவில்லை. 1865 வரை தலைமைப் பீடம் அவருக்குக் கிட்டவில்லை.

மக்கள் மனம் பின்னர் திரும்பிற்று. 1874இல் கிறிஸ்தியான் மன்னர் அரசியலமைப்பை நேரில் கொணர்ந்தார். ஆல்திங் சட்டமியற்றும் உரிமை பெற்றது. அவ்விழாவுக்கு யோன் அழைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு கூடிய அவை அவரையே தலைவராக்கிற்று.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் கோப்பன்ஹேகனில் அவர் மறைந்தார். ஒன்பது நாட்களில் இங்கிபியோர்க் அம்மையாரும் மறைந்தார். இருவர் உடலையும் மறு ஆண்டு ரெய்க்யாவிக் கொணர்ந்து அடக்கம் செய்தனர். 1944இல் ஐஸ்லாந்து குடியரசாயிற்று. திங்வெல்லிரில் அதனை அறிவிக்க ஜூன் 17ஆம் நாளையே தேர்ந்தெடுத்தனர்.