வார்டின் கண்ணாடிப் பெட்டி

கிழக்கு லண்டனில் மருத்துவம் பார்த்துவந்த நத்தேனியல் பேக்‌ஷா வார்டுக்குப் பெரணிச் செடிகள் என்றால் உயிர். நிலக்கரிப் புகையில் அவர் வளர்த்த பெரணிகள் பிழைக்கவில்லை. 1829-இல், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் இட்டு மூடினார். பூச்சி வெளிவருவதைப் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. யாரும் தண்ணீர் ஊற்றாமலே கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் தழைத்திருந்தன.

பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் முத்துமுத்தாகப் படியும். குளிர்ந்ததும் வழிந்து மண்ணுக்கே திரும்பும். வெளிச்சம் உண்டு, புகை இல்லை. இதைப் புரிந்துகொண்ட வார்டு, கெட்டியான மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்துப் பெட்டிகள் செய்வித்தார். வார்டியன் பெட்டி பிறந்தது.

அதுவரை கப்பலேறிய செடிகளை உப்புத் தூறலும் நன்னீர்ப் பஞ்சமும் கொன்றுவந்தன. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்புபவற்றில் ஆயிரத்துக்கு ஒன்றே தேறுவதாக 1819-இல் மருத்துவர் ஜான் லிவிங்ஸ்டன் கணக்கிட்டார். 1833-இல் வார்டின் இரண்டு பெட்டிகள் சிட்னிக்குப் புறப்பட்டன. மாதக்கணக்கான பயணத்துக்குப் பின்னும் உள்ளே பசுமை குலையவில்லை. திரும்பும்போது ஆஸ்திரேலியச் செடிகளை ஏற்றிக்கொண்டு, மேல்தளத்தில் பனி கொட்டக் கொட்ட ஹார்ன் முனையைக் கடந்து லண்டன் சேர்ந்தன.

அதன்பின் பெட்டி பேரரசின் கைக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனாவில் தேயிலை திரட்டிய ராபர்ட் ஃபார்ச்சூன், விதைகளைப் பெட்டி மண்ணிலேயே விதைத்து அனுப்பினார். வழியிலேயே அவை முளைவிட்டன. 1851 வரை இப்படி ஆயிரக்கணக்கான கன்றுகள் இமயமலைச் சரிவுகளுக்குப் போயின. மலேரியாவுக்கு மருந்தாகும் சின்கோனாவும் 1860-61-இல் தென் அமெரிக்காவிலிருந்து இதே பெட்டிகளில் ஊட்டி வந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் கொண்டுவந்த முதல் தொகுதி வழியில் வெயிலில் வெந்து பெரும்பாலும் பட்டுப்போனது. அடுத்து வந்த, சிவப்புப் பட்டை கொண்ட சின்கோனா வகையின் கன்றுகளே நீலகிரியில் வேர் பிடித்தன. 1876-இல், பிரேசில் ரப்பர் விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் எழுந்த கன்றுகள், ஏறத்தாழ 2,000, இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் சில போயின.

பெட்டியில் போன மண்ணோடு புழுபூச்சிகளும் நோய்களும் நாடு தாண்டின. தாவர நோய்த்தடுப்புச் சட்டங்கள் இறுகின. விமானமும் பாலிதீன் பையும் வந்தன. 1960-களில் கியூ தோட்டமும் வார்டியன் பெட்டியைக் கைவிட்டது.

செடிகளைத் தொடர்ந்து மனிதர்களும் கடல் கடக்க நேர்ந்தது. மலாயாவின் ரப்பர் காடுகளில் பால் வெட்டவும் இலங்கை மலைகளில் தேயிலைக் கொழுந்து கிள்ளவும் தமிழ்க் குடும்பங்கள் கொண்டுசெல்லப்பட்டன. கன்றுகளுக்குக் கண்ணாடிக் கூரை போட்டுக் காத்தவர்கள், அந்தக் குடும்பங்களை லயன் எனப்பட்ட வரிசை வீடுகளின் நெருக்கடியான அறைகளில் அடைத்தார்கள். வார்டு, ஃபார்ச்சூன், மார்க்கம் ஆகியோரின் பெயர்களைத் தாவரவியல் வரலாறு பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தச் செடிகளைத் தோட்டங்களாக்கிய கைகளுக்கும் அதே வரலாற்றில் இடம் வேண்டும்.